மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு

கித்துள்வத்தைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
தெரணியகலை.
14.01.2024

தங்கச்சி புஷ்பத்துக்கு,

மட்டக்களப்பைப் புயல் அடித்துப் போட்டதற்கு மறு வருஷம். கூப்பன் அரிசி நிற்கப்போகிறது, இனி உணவு முத்திரைதான் என்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் பேச்சாகக் கிடந்த வருஷம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்ற பெரிய பலாமரத்தைத் தொரை வெட்டச் சொன்னதும் அதே வருஷம்தான். அந்தச் சித்திரைப் பௌர்ணமியில் என் தலையில் இருந்த கரகம் ஆற்றில் விழுந்தது.

அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. ஆனால் உன்னிடம் வாயைத் திறந்தால் அங்கேயிருந்துதான் வார்த்தை வருகிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் நுஹ்மான் மொதலாளி எழுதுகிறார். போனில் பேசலாம்தான். ஒன்பது வருஷமாகப் பேசாதவள் என் போனை எடுப்பாயா? எடுத்தாலும் என் காது மந்தம். நீ திட்டுவது பாதிதான் கேட்கும், அது உனக்கும் நஷ்டம்.

போன கிழமை உன் மகன் கஜேந்திரன் திரீவீலில் இங்கே ஆள் ஏற்றி வந்தான். தீபாவளிக்கு முன்னால் நீ குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்ததையும், இரத்தினபுரியில் இடுப்பு எலும்புக்கு ஆபரேசன் செய்ததையும் சொன்னான். எலும்பு கூடிவிட்டதாம். ஆனாலும் நீ கட்டிலை விட்டு இறங்குவதில்லையாம். "நடக்காம கெடந்தா மூணு மாசத்துல காலுக்கே நடை மறந்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு மாமா" என்று அழுதான். அவ்வளவு பெரிய ஆள், ரோட்டில் நின்று அழுதான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், என் மகன்களுக்குக்கூடத் தெரியாது. நானும் விழுந்தேன். ஆகஸ்ட் மாதம், நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டப் போய் வந்த அதே ஒற்றையடிப் பாதையில், ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் தலைகீழாக. எழுந்து துடைத்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு கால் வைக்கும் இடமெல்லாம் சந்தேகம். விழுந்ததை விட அந்தப் பயம்தான் ஆளைக் கொன்றது. பிறகு கிளினிக்கில் ஒரு சிங்கள மிஸ் விழாமல் நடக்கப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். என்னை மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது. எழுபத்திரண்டு வயதில் கொக்கு மாதிரி. மிஸ் தன் கையை என் முழங்கைக்கு இரண்டு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டது. "தொடாதீங்க மிஸ்" என்று கத்திவிட்டேன். "அல்லன்னே நே சீயா" என்றது, பிடிக்க மாட்டேன் தாத்தா என்று. கை பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் கால் தானாக நிற்கும் என்றும் சொன்னது. முதல் நாள் மூன்று எண்ணும்வரை நின்றேன். இப்போது பதினொன்று.

நீயும் நில். கஜேந்திரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்படிச் சுவரைப் பிடித்து நில்.

அண்ணன்
முத்துவீரன்

(எழுதியவர் நுஹ்மான். அண்ணன் சொல்லும்போது இப்படி நயமாகச் சொல்லவில்லை. நான் கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறேன்.)


ஹல்கொல்லைத் தோட்டம்,
எஹலியகொட.
02.02.2024

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நுஹ்மான் மொதலாளியின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு. என் எழுத்து இப்படித்தான் இருக்கும், ஆனால் இஸ்திரி போடாத எழுத்து.

ஒன்பது வருஷம் கழித்து என் காலைப் பற்றி எழுதுகிறீர்கள். என் கையைப் பற்றி எழுத மாட்டீர்கள்.

கரகம் தலையில் ஏறிவிட்டால் கோயில் போய்ச் சேரும்வரை எடுத்தவனை யாரும் தொடக்கூடாது, அது எனக்குத் தெரியாதா? அந்த ஒற்றைமரப் பாலத்தில் உங்களுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் நான். நீங்கள் சாய்ந்தீர்கள். பிடித்தேன். என் அண்ணன் பாறையில் மண்டை உடைந்து சாகக்கூடாது என்றுதான் பிடித்தேன். கரை ஏறியதும் என்ன சொன்னீர்கள்? "இவ கை பட்டுத்தான் கரகம் விழுந்துச்சு." அந்த ஆவணியில் அப்பா செத்தார். அதற்கும் என் கைதான் காரணமென்று லயம் முழுக்கப் பேசினார்கள். கோயில் தலைவர் சின்னத்தம்பி, இந்தப் பிள்ளை இனிமேல் கோயில் சாமான் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். என்னைப் பெண் கேட்டு நம் தோட்டத்தில் ஒருவரும் வரவில்லை. மலை தாண்டி இங்கே வந்து வாழ்க்கைப்பட்டேன். நல்ல மனுஷன் கிடைத்தார், அது என் அதிர்ஷ்டம். உங்கள் புண்ணியம் இல்லை.

சரி, பழசு என்று விட்டிருந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோகிலா செத்த வீட்டில், அவள் தலைமாட்டில் நான் விளக்கேற்றப் போனபோது, அத்தனை பேருக்கு முன்னால் "நீ தொடாதே" என்றீர்களே அண்ணா. கோகிலா உங்களுக்குப் பெண்சாதி ஆவதற்கு முன்னாலேயே எனக்குச் சிநேகிதி.

உங்கள் மிஸ் கையைப் பக்கத்தில் வைத்தால் அது வைத்தியம். நான் வைத்தால் அது தோஷம்.

நான் எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? எழுந்து எங்கே போக?

புஷ்பம்


கித்துள்வத்தை
20.02.2024

தங்கச்சி புஷ்பத்துக்கு,

மொதலாளி உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்தார்.

அதற்குப் பதில் பிறகு. முதலில் காலைப் பார்ப்போம்.

கட்டிலில் உட்கார்ந்தபடி, கையை ஊன்றாமல் எழு. எழும்பாது. பரவாயில்லை, கையை ஊன்றியே எழு. ஐந்து தரம். மறுநாள் ஆறு. இரண்டாவது, சுவரோரமாக ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரலோடு ஒட்டிவைத்து நட, கோட்டில் நடக்கிற மாதிரி. மொதலாளி கடையில் கஜக்கோலைத் தரையில் போட்டு அதன் ஓரமாக நடக்கிறேன். அவரும் ஒரு நாள் தன்னால் முடியும் என்று ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். நாலு எண்ணுவதற்குள் சீத்தைத் துணிக் கட்டுகளின் மேல் விழுந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டுதான். "சாரத்தக் கட்டிட்டு நின்னா இப்படித்தான்" என்றார். நானும் சாரம்தான் கட்டியிருந்தேன்.

போன செவ்வாய் மிஸ் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்தது. நடந்துகொண்டே தலையை வலப் பக்கம் திருப்ப வேண்டும். பிறகு இடப் பக்கம். வயதானவர்கள் விழுவது அப்போதுதானாம், நடக்கும்போது யாராவது கூப்பிட்டால், எதையாவது பார்க்கத் திரும்பினால். கண் ஒரு பக்கம் போகும், உடம்பும் அதன் பின்னால் போகும், கால் மட்டும் பழைய இடத்தில் நிற்கும் என்றது. நான் நடந்தேன். வலப் பக்கம் திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. இடப் பக்கம் திரும்பினேன்.

(நுஹ்மான் எழுதுகிறேன். அண்ணன் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை, எழுந்து போய்விட்டார். நாலு நாளாகக் கடைப் பக்கம் வரவில்லை. பயிற்சி விவரம் உங்களுக்கு உதவும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன், தங்கச்சி.)


ஹல்கொல்லை
05.03.2024

அண்ணனுக்கு,

எழுந்து நின்றேன். உங்களுக்காக இல்லை. கட்டிலில் வைக்கிற சட்டியைக் கஜேந்திரன் எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை, அதற்காக. முதல் நாள் உடம்பெல்லாம் நடுங்கியது. என் கால் என்னுடையது மாதிரியே இல்லை, யாரிடமோ இரவல் வாங்கி வந்தது மாதிரி இருந்தது. கஜேந்திரன் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கைதான் என்னைவிட நடுங்கியது. "நீ போய் உக்காருடா, ஒன்னப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

இரண்டு காலில் நிற்கிறேன். ஒற்றைக் காலில் இரண்டு எண்ணும்வரை. நேற்று அடுப்படிவரை சுவரைப் பிடித்துப் போய், என் கையாலேயே தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். நாலு மாதத்தில் அதுதான் தேத்தண்ணீர், மற்றதெல்லாம் வெந்நீர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இடப் பக்கம் தலையைத் திருப்பினீர்கள். பிறகு?

எனக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் மூன்று எண்ண மாட்டேன்.

புஷ்பம்


கித்துள்வத்தை
24.03.2024

தங்கச்சி,

மொதலாளி, இதற்கு இஸ்திரி போட வேண்டாம், சொல்வதை அப்படியே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

எனக்கு எழுத்து இல்லாததால் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருக்கிறேன். எனக்கு வெட்டத் தந்த இருநூற்றறுபது ரப்பர் மரத்தில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அந்த நாளை மறந்திருப்பேனா? மறந்த மாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் மழை தூறி நின்றது. கித்துள் மரத்தைக் குறுக்கே போட்ட பாலம், பட்டை உரிந்து வழுவழு என்று கிடந்தது. முன்னால் தப்படிக்கிறவர். அவருக்குப் பின்னால் பூசாரி. பிறகு வேப்பிலைக் கட்டோடு அப்பா. பிறகு நான். எனக்குப் பின்னால் நீ, வலக் கையில் சொம்பு. உனக்குப் பின்னால் குடை பிடித்த மாமா. ஆறு பேர். பாதி மரம் தாண்டியாயிற்று. கரகம் அசையவில்லை. கரகம் எடுத்தவன் நேராகப் பார்க்க வேண்டும். சாமி தலையில் இருக்கும்போது வேறெதையும் பார்க்கக்கூடாது.

எதிர்க்கரையில் இடப் பக்கம், கொய்யா மரத்தடியில் பொம்பளைகள் நின்றார்கள். அதில் கோகிலா. நீலப் பாவாடை. அவள் என்னைத்தான் பார்க்கிறாளா என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன்.

அவ்வளவுதான் புஷ்பம். மிஸ் சொன்ன மாதிரியே. கண் போனது, உடம்பு போனது, கால் நின்றது. கரகம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உன் கை வந்தது. உன் கை வரும்போது என் தலையில் பாரமே இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும், கரை ஏறும்போதே தெரியும். கிளினிக்கில் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். அங்கே என் உடம்பு அதை மறுபடி செய்து காட்டியது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கோகிலா மேல் பழி போயிருக்கும். சாமி தூக்கியவனைக் கண்ணால் இழுத்தவள் என்று அவளைத் தோட்டத்தை விட்டே துரத்தியிருப்பார்கள். அவளைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன். அதுவும் பாதிதான் உண்மை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அதுதான் மிச்சப் பாதி.

கோகிலாவிடமும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரே லயத்துக் காம்பராவில் வாழ்ந்தோம். அவளைப் பிணமாகக் கிடத்தியிருக்கும்போது நீ விளக்கோடு வந்தாய். நீ அவளிடம் குனிந்து சொல்லிவிடுவாய் என்று பைத்தியக்காரப் பயம் வந்தது. அதனால்தான் தொடாதே என்றேன்.

அன்றைக்கு நீ பிடிக்காவிட்டால் பாறையில் போயிருப்பேன். நாற்பத்தைந்து வருஷம் நான் நடந்தது உன் கை கொடுத்த நடை.

நீ மூன்று எண்ணாவிட்டாலும் சரி. சொல்லிவிட்டேன்.

முத்துவீரன்


ஹல்கொல்லை
01.04.2024

அண்ணனுக்கு,

எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் பின்னால் நின்றவள் நான். முதுகை மட்டும்தானே பார்த்துக்கொண்டு வந்தேன்? உங்கள் வலது காது மறைந்து மூக்கு தெரிந்தது. எங்கே பார்க்கிறீர்கள் என்று நானும் பார்த்தேன். நீலப் பாவாடை. அது என் பாவாடை அண்ணா. அன்றைக்குக் கட்டிக்கொள்ள அவளுக்கு இரவல் கொடுத்தவள் நான்தான்.

கரை ஏறியதும் நீங்கள் என் கையைச் சொன்னபோது வாயைத் திறந்தேன். எதிரில் கோகிலா வெளுத்துப்போய் நின்றாள். வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்காக மூடியதென்று நினைக்காதீர்கள். அவளுக்கு அம்மா இல்லை, அப்பா குடிகாரன். அந்தப் பழி அவளால் தாங்காது. என்னால் தாங்கும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதில் எதையும் தாங்கலாம் என்றுதான் தோன்றும்.

கோகிலாவுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி என்னைக் கட்டிப்பிடித்து, "அவரு என்னையப் பார்த்தாருடி, நான்தான்டி காரணம்" என்று அழுதாள். "வாய மூடிட்டு மருதாணியக் கலைக்காமப் படு" என்றேன். நீங்கள் மறைத்ததாக நினைத்த விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் உங்களிடம் மறைத்தோம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டீர்கள். கடிதத்தை வாசித்துவிட்டு மத்தியானம்வரை அழுதேன், பிறகு நன்றாகப் பசித்தது. இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாற்பத்தைந்து வருஷமாக யாரும் சொல்லாதது. அன்றைக்கு வழுக்குகிற மரத்தில் ஒரு கையால் ஓர் ஆம்பளையைத் தாங்கிப் பிடித்தேன். மறு கையில் சொம்பு இருந்தது. ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் சிந்தவில்லை. கரகம் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். சொம்பு விழாததை யார் பார்த்தார்கள்?

ஒற்றைக் காலில் ஏழு.

புஷ்பம்


கித்துள்வத்தை
09.04.2024

தங்கச்சி புஷ்பத்துக்கு,

ஏழா! இங்கே பதினாலு. ஆனால் நான் மேசையை விட்டு விரலை முழுதாக எடுப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இனி உன்னிடம் எதையும் மறைத்துப் பயனில்லை, எல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஒரு சங்கதி நடந்துவிட்டது. போன கடிதத்தை மொதலாளியிடம் ரகசியமாகக் காதோடுதான் சொன்னேன். எனக்குத்தான் காது மந்தமாயிற்றே, என் ரகசியம் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டதாம். கடையில் துணி வாங்க வந்த பொம்பளைகள், வெளியில் நின்ற திரீவீல்காரர்கள், பக்கத்துக் கடைப் பேக்கரிக்காரர் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். மொதலாளி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லையாம். கடிதம் பெட்டியில் விழும் முன்னமே விஷயம் தோட்டம் ஏறிவிட்டது.

சாயங்காலம் சின்னத்தம்பியிடமிருந்து ஆள் வந்தது. அவருக்கு எண்பத்தாறு வயது. பார்வை போய்விட்டது, குரல் போகவில்லை. அன்றைக்கு அவர் கோயிலில் காத்துக்கொண்டிருந்தவர், பாலத்தில் நடந்ததை நான் சொல்லித்தான் நம்பினார். போய் அவர் முன்னால் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"ஏன்டா முத்துவீரா, கடையில சொன்னது நெசமா?"

"நெசம்ங்க."

"அப்ப அந்தப் புள்ளைய நான் நாப்பத்தஞ்சு வருஷம் சும்மாவா தள்ளி வச்சேன்?"

"ஆமாங்க."

தடியால் என் முழங்காலில் ஓர் அடி போட்டார். நல்ல அடி. நான் விழவில்லை, மிஸ்ஸின் பயிற்சி.

"இந்தக் கண்ணுக்கு இனிமே ஆத்தா தெரிய மாட்டா. காதுக்காவது அவ வந்தான்னு கேக்கணும். இருவத்திமூணாந்தேதி சித்திரைப் பௌர்ணமிக்கு மஞ்சத் தண்ணிச் சொம்ப அந்தப் புள்ளதான் தூக்கணும். நான் சொன்னேன்னு சொல்லு. இல்ல, நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு."

அப்படியே சொல்கிறேன். கேட்டுக்கொண்டார்.

இப்போது கித்துள் மரம் இல்லை, கொங்கிரீட் பாலம். திரீவீல் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நிற்கும். அதிலிருந்து கோயில் நூற்றெண்பது அடி. நான் நடந்து எண்ணிப் பார்த்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. வெறும் சொம்பை வைத்துப் பழகு. பிறகு கால் சொம்பு தண்ணீர். முடியாது என்று உனக்குத் தோன்றினால் கடைசி நிமிஷத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அண்ணன்


கித்துள்வத்தை
30.04.2024

தங்கச்சி புஷ்பத்துக்கு,

இருபத்துமூன்றாந்தேதி அன்றைக்கு நீ நேராகப் பார்த்து நடந்தாய். அதனால் உனக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

திரீவீலிலிருந்து இறங்கியதும் கஜேந்திரனின் கையை உதறிவிட்டாய். இடக் கையில் ஊன்றுகோல், வலக் கையில் சொம்பு. நான் உன் முழங்கைக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு வந்தேன். "தொடாதீங்க" என்றாய். "தொடல புள்ள, வச்சிருக்கேன்" என்றேன். அதுவரை உனக்குத் தெரியும்.

பாலத்தின் நடுவில், எதிர்க்கரையில் கொய்யா மரம் நின்ற இடத்தைப் பார்த்தேன். மரம் இல்லை. இடப் பக்கம்தான். புத்தி வருமா எனக்கு? கண் போனது, உடம்பு போனது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து நிறுத்தியது. திரும்பிப் பார்த்தால் நுஹ்மான் மொதலாளி. வேடிக்கை பார்க்க வந்தவர், பழக்க தோஷத்தில் என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். "பயிற்சியில தலையத் திருப்பச் சொன்னது கிளினிக்குல, பாலத்துல இல்ல" என்றார். நான் அவர் கையைக் குறை சொல்லவில்லை. பிடித்ததற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

நீ இரண்டு நாற்காலியையும் கண்டுகொள்ளவில்லை. கோயில் வாசலில் சின்னத்தம்பி காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உன் கோல் ஊன்றும் சத்தத்தை எண்ணியிருக்கிறார். நீ வாசலில் நின்றதும் சொம்புக்குள் விரலை விட்டு, தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று தடவிப் பார்த்தாரே, நீ முறைத்தாய். அவர் உன்னைச் சந்தேகப்படவில்லை. நீ உள்ளே போன பிறகு அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, "சிந்தல, ஒரு சொட்டு சிந்தல" என்று நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் வராவிட்டால் இன்னொரு தரம் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது முழங்கால் வலித்தது, உள்ளங்கால் வலித்தது. ஆனால் தலையில் ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக விழுந்த கரகத்தைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

மிஸ்ஸிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஆபரேசன் செய்து ஆறு மாதம் ஆகவில்லையே, ஊன்றுகோலை விட அவசரப்பட வேண்டாம், பயிற்சியை மட்டும் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம் என்றது. பயிற்சியை விட்டுவிட்டால் வந்த பலம் வந்த வழியே போய்விடுமாம். அதனால் உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கிழமைக்கு ஒரு கடிதம் வரும். எத்தனை எண்ணினாய் என்று எழுது. பொய் எழுதினால் கஜேந்திரன் சொல்லிவிடுவான்.

நேற்று மொதலாளி என்னிடம், கரகம் விழுந்த அன்றைக்கு அந்தப் பழைய பாலத்தில் யார் யார் போனது என்று மறுபடி கேட்டார். சொன்னேன். முன்னால் தப்படித்தவர், அவர் எண்பத்தேழாம் வருஷம் காய்ச்சலில் போனார். பூசாரி கடல் கடந்து போய் அந்தக் கரையிலேயே முடிந்தார். அப்பா அதே ஆவணியில். குடை பிடித்த மாமா மலைச்சரிவில் மண்ணோடு போனார். கரையில் நின்று பார்த்தவள் கோகிலா, அவளும் இல்லை. அந்த மரத்தின் மேல் கால் வைத்தவர்களில் என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நான் அன்றைக்கு நிற்கவில்லை, என்னை ஒருத்தி நிறுத்தினாள். உண்மையாகவே நின்ற ஆள், இன்றைக்கும் உயிரோடு நிற்கிற ஆள், ஒன்றே ஒன்றுதான். எழுதிக்கொள்ளுங்கள் மொதலாளி, பெயரைப் பெரிதாக எழுதுங்கள் என்றேன்:

புஷ்பம்.